மலைப்பக்கம் நீச்சல் குளத்தோடு வீடு வாங்குவது: தண்ணீரிலிருந்து பத்திரம் வரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் மார்கழி, தை என்று பதில் வரும். அந்த மாதங்களில் போர்வெல் ஊறும், சரிவெல்லாம் பச்சையாக இருக்கும், குளம் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அன்றே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர் உண்டு.

நானும் என் வீட்டைத் தலைகீழாகத்தான் வாங்கினேன். முதலில் குளம் பிடித்தது, அப்புறம் வீடு, அப்புறம் பத்திரம். தண்ணீரைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டேன். அதன் பிறகு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் துணையாகப் போய் வந்ததில் சரியான வரிசை பிடிபட்டது: தண்ணீர், பத்திரம், மண், குளம், கடைசியில் வீடு. முன்னால் வருவது தேறவில்லை என்றால் பின்னால் வருவதைப் பார்க்கவே வேண்டாம்.

1. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வே எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பெயர் ஆகிய மூன்றையும் புரோக்கரிடம் போனிலேயே வாங்கிவிடுங்கள். "நேர்ல வாங்க சார், எல்லாம் காட்டறோம்" என்று இழுத்தால் கிளம்பாதீர்கள். சர்வே எண் இருந்தால் பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) வில்லங்கத்தையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். அது இல்லாமல் போனால் வேலியையும் பூச்செடியையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை: முப்பது மீட்டர் டேப், டார்ச், காலி பெயிண்ட் வாளி ஒன்று, இன்சுலேஷன் டேப், நன்றாகக் கழுவிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, நீச்சல் குளத் தண்ணீரைச் சோதிக்கும் சிறிய கிட். துணைக்கு ஒரு சிவில் இன்ஜினியரும், உரிமம் பெற்ற சர்வேயரும், அந்த வட்டாரப் பத்திரங்களைப் பார்த்துப் பழகிய வழக்கறிஞரும் வேண்டும். இவர்கள் விற்பவரோ புரோக்கரோ கொண்டுவரும் ஆட்களாக இருக்கக் கூடாது. கூலி உங்கள் கையிலிருந்து போனால்தான் அவர்கள் உங்களுக்காகப் பார்ப்பார்கள்.

2. சித்திரையில் ஒரு முறை, அடைமழைக்குப் பின் ஒரு முறை

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் போங்கள். தண்ணீரின் உண்மை அப்போதுதான் தெரியும். இரண்டு முறை போக முடிந்தால் இரண்டாவது பயணம் ஐப்பசி மழைக்கு அடுத்த நாள். மழை நீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது, தடுப்புச் சுவர் எங்கே கசிகிறது, மண் சாலையில் கார் ஏறுகிறதா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

விற்பவர் இல்லாத நேரத்தில் காவலாளியிடமும் பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் பேசுங்கள். தளி பக்கம் ஒரு வீட்டில் தண்ணீருக்குக் குறையே இல்லை என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். கேட்டைத் திறந்துவிட்ட பெரியவர் தாமாகவே சொன்னார்: "மாசி கடைசியில இருந்து ஆடி வரைக்கும் லாரித் தண்ணிதாங்க சார். வாரத்துக்கு ரெண்டு நடை வரும்." அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு இரண்டு மாத அலைச்சலை மிச்சப்படுத்தியது.

3. தண்ணீர்க் கணக்கு

முதலில் குளம் எவ்வளவு குடிக்கும் என்று பாருங்கள். 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம் உள்ள குளம் ஏறக்குறைய 36,700 லிட்டர் கொள்ளும். நிரப்புவது ஒரு முறைதான். பாரமாக இருப்பது தினசரி இழப்பு. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் இந்த அளவுக் குளத்தில் 130 லிட்டருக்கு மேல் போகிறது, மாதத்துக்கு 4,000 லிட்டர். மேட்டில் காற்று பலமாக அடித்தால் இன்னும் கூடும். வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவச் சில நூறு லிட்டர். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு விளிம்பில் தண்ணீர் வழிந்து விழும் குளம் என்றால் இழப்பு இன்னும் அதிகம்.

இனி போர்வெல். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் அடியில் கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டில் தண்ணீர் இருக்கிறது என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. எத்தனை அடி போட்டது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, கடைசியாக எப்போது இறக்கினார்கள் என்று கேளுங்கள். மோட்டாரை மேலும் மேலும் இறக்கியிருந்தால் நீர்மட்டம் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேட்டதோடு நிற்காமல் அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து மோட்டாரைப் போட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். மோட்டாரை நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓட விட்டு, மறுபடியும் அதே டிரம்மை நிரப்பிப் பாருங்கள். முதலில் 4 நிமிடத்தில் நிரம்பியது அப்புறம் 12 நிமிடம் எடுத்தால், முதலில் நீங்கள் பார்த்தது குழாயில் தேங்கி நின்ற தண்ணீர். பாறையில் ஊறி வருவது அந்த இரண்டாவது அளவுதான். இந்தச் சோதனையை நிறையப் பேர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது.

போர்வெல் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மனை பிரித்து விற்ற இடங்களில் விற்றவர் தன் கையில் வைத்துக்கொண்ட பகுதியில் போர்வெல் இருக்கும், குழாய் மட்டும் உங்கள் வீட்டுக்கு வரும். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நாளைக்கு அவர் வால்வை மூடினால் நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

தண்ணீரின் தன்மைக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆகவே குடிக்க என்ன வழி என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கடினத்தன்மை குளத்துக்கு நேரடியான தொல்லை. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு குளத்திலேயே தங்குகிறது. மேலே மேலே ஊற்ற ஊற்ற உப்பு கூடி, டைல்ஸிலும் குழாய்க்குள்ளும் வெள்ளைப் படிவமாக ஏறும். விளிம்பு டைல்ஸை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு போல உதிர்ந்தால் மோட்டாருக்குள்ளும் அதே நிலைமைதான்.

4. பத்திரமும் நிலத்தின் வகையும்

குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம். இந்த ஐந்தும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். விற்பவர் பெயரில் தனிப்பட்டா இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வந்த பிறகுதான் பணம்.

நான் அதிகம் பார்த்த சிக்கல் "ஃபார்ம் பிளாட்". விவசாய நிலத்தைப் பத்து இருபதாகப் பிரித்து, வேலி போட்டு, வீடும் குளமும் கட்டி விற்பார்கள். சில இடங்களில் உங்களுக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத பாகம் மட்டுமே. குளம் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும், ஆனால் அது உங்களுடைய பாகம்தான் என்று காகிதத்தில் எங்கும் இருக்காது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி இருக்கிறதா, கட்டடத்துக்கு வரைபட அனுமதி இருக்கிறதா, அந்த வரைபடத்தில் குளம் வரையப்பட்டிருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டுக் குளத்தைப் பின்னால் சேர்த்தவர்கள் பலர். வங்கிக் கடனுக்குப் போகும்போது இது முட்டும்.

மலைப்பகுதியில் இன்னும் நான்கு விஷயங்கள். ஒன்று, கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் கட்டட அனுமதியின் வழியே வேறு. இரண்டு, நிலம் காப்புக்காட்டு எல்லையை ஒட்டியிருந்தால் சர்வேயரை வைத்து எல்லைக் கல்லைத் தேடிப் பிடியுங்கள், வேலியை நம்ப வேண்டாம். மூன்று, புலப்படத்தில் ஓடை அல்லது வண்டிப்பாதை நிலத்துக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் ஓடையை மூடிக் குளம் கட்டிவிடுகிறார்கள். நான்காவதுதான் மிக முக்கியம்: பஞ்சமி நிலம், அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலம். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பிறர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு இழப்பீடு இல்லாமலே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சட்டத்துக்கு அப்பாலும், அது அந்த மக்களின் நிலம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

வெளிநாடுவாழ் இந்தியர் பெயரில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி: விவசாய நிலமும் பண்ணை வீடும் அவர்கள் வாங்க முடியாது.

5. சரிவும் மண்ணும்

சரிவில் வீடு கட்டும்போது மேல்பக்கம் மண்ணை வெட்டி, அதையே கீழ்ப்பக்கம் கொட்டி மட்டம் பண்ணுவார்கள். காட்சி அழகாக இருப்பது கீழ்ப்பக்கம் என்பதால் குளத்தை அங்கேதான் வைப்பார்கள். 36,000 லிட்டர் என்றால் 36 டன் எடை. அது கொட்டிய மண்ணின் மேல் உட்கார்ந்தால் மெல்ல மெல்ல இறங்கும்.

இன்ஜினியரோடு தடுப்புச் சுவரின் அடிப்பக்கம் இறங்கிப் போய்ப் பாருங்கள். சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் பின்னால் தேங்கும் நீர் சுவரைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மேலே தரையில் சுவருக்கு இணையாக விரிசல் ஓடுகிறதா, கோடையிலும் ஏதாவது ஒரு துளையில் மட்டும் ஈரமும் பாசியும் இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் தடுப்புச் சுவர் ஈரமாக இருந்தால் அது பெரும்பாலும் குளத்துத் தண்ணீர்தான்.

6. குளத்தைச் சோதிப்பது

குளம் நிரம்பி, ஃபில்டர் ஓடும் நிலையில்தான் பார்க்க வேண்டும். "கழுவி வைத்திருக்கிறோம்" என்று காலிக் குளத்தைக் காட்டினால், நிரப்பச் சொல்லி ஒரு வாரம் கழித்து வாருங்கள். காலிக் குளத்தில் கசிவும் தெரியாது, மோட்டாரும் தெரியாது.

முதல் சோதனைக்குக் கண் மட்டும் போதும். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். தண்ணீர் விளிம்பிலிருந்து மேல் டைல்ஸ் ஓரம் வரை உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். தேன்கனிக்கோட்டைக்கு அருகே ஒரு வீட்டில் வீட்டுப் பக்க மூலையில் இடைவெளி நான்கு விரல், பள்ளத்தாக்குப் பக்க மூலையில் இரண்டு விரல். டைல்ஸில் ஒரு கீறல் கிடையாது, புதிதாகக் கழுவிப் பளபளவென்று இருந்தது. ஆனால் குளம் மொத்தமாகச் சாய்ந்திருந்தது. கட்டும்போதே வந்த பிசகா, பின்னால் இறங்கியதா என்று இன்ஜினியர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாளிச் சோதனை. பெயிண்ட் வாளியில் குளத்துத் தண்ணீரையே ஊற்றி, குளத்தின் முதல் படியில் வையுங்கள். அடியில் கல் போட்டால் ஆடாது. வாளிக்குள் தண்ணீர் மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் இன்சுலேஷன் டேப்பால் குறியுங்கள். மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். வெயிலும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே இரண்டும் ஒரே அளவு இறங்க வேண்டும். குளம் அதிகமாக இறங்கினால் கசிவு. முன்பு கணக்குப் போட்ட 24 அடிக்கு 12 அடிக் குளத்தில் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் நாளுக்கு 265 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போகிறது. மறுநாள் மோட்டாரை ஓட விட்டு இதையே செய்யுங்கள். ஓடும்போது மட்டும் இழப்பு கூடினால் கோளாறு தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம். மழை பெய்தால் சோதனையை மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம் மோட்டார் அறை. ஃபில்டர் மணல் எப்போது மாற்றியது, அழுத்தமானி வேலை செய்கிறதா, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அது கீழே இருப்பவரின் கேழ்வரகுக் கொல்லைக்குள் போனால் நீங்கள் குடிவந்த மாதமே சண்டை வரும். அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். ஆசிட் கேனும் குளோரினும் அருகருகே வைத்திருந்தால் வாங்கிய அன்றே பிரித்து வையுங்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் துளையின் மூடி உடைந்திருக்கக் கூடாது. குழந்தைகளின் முடியும் கையும் அதில் மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் நான்கடி வேலியும் தானாக மூடும் கதவும் இல்லையென்றால் அந்தச் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. மின்சாரம்

விவசாய இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கும் குளத்துக்கும் ஒயர் இழுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இது சர்வசாதாரணமாக நடக்கிறது. அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான். பிடிபட்டால் அபராதம் அப்போது வீட்டில் இருப்பவருக்குத்தான் வரும். வீட்டு இணைப்பு யார் பெயரில், என்ன கட்டண வகையில் இருக்கிறது என்று மின் அட்டையில் பாருங்கள். முன்பு வாடகை விடுதியாக நடத்தியிருந்தால் வணிகக் கட்டணமாக இருக்கலாம்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 5 யூனிட். இரண்டு மாத பில்லில் இதற்கு மட்டும் 300 யூனிட். குளத்து விளக்கும் மோட்டாரும் 30 மில்லியாம்பியர் மின்கசிவுக்கே தானாக அணைந்துவிடும் சுவிட்ச் வழியாகத்தான் வர வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் அணையவில்லை என்றால் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது.

8. காடு, யானை, சாலை

கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் வரும் பாதை இது. கேழ்வரகு முற்றும் காலத்தில், ஐப்பசியிலிருந்து மாசி வரை நடமாட்டம் அதிகம். யானை இந்த வழியாகப் போகுமா என்று பக்கத்தில் பயிர் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், மனை விற்பவரிடம் கேட்காதீர்கள். வழியில் இருக்கிறது என்றால் வேறு வீடு பாருங்கள். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம், உயிரைக் கொல்லும். காட்டை ஒட்டிய நிலத்தில் சூரிய மின்வேலி போடுவதற்கும் முன்கூட்டி வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

சாலை பொதுவா தனியாரா, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, யார் வசூலிக்கிறார்கள், பழைய பாக்கி இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி அந்த ஏற்றத்தில் ஏறுமா என்பதையும் ஒரு லாரி ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

9. விலை, ஒப்பந்தம், பதிவு

கண்டுபிடித்த குறைகளுக்கு ஒவ்வொன்றாக மேஸ்திரியிடமும் குள வேலை செய்பவரிடமும் செலவு கேட்டு எழுதி, அந்தத் தாளோடு விலை பேசுங்கள். வெறும் வாயால் குறைத்துக் கேட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். மோட்டார், ஃபில்டர், குழாய் உரிமை, போர்வெல், பாதை உரிமை எல்லாம் பெயர் சொல்லி அதில் வர வேண்டும். ஒரு வீட்டில் சாவி வாங்கப் போன அன்று மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட் மட்டும் நின்றது. ஒப்பந்தத்தில் அது இல்லாததால் எங்களால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7,20,000 ரூபாய். மதிப்பு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்பட்சத்தில், 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். கட்டடத்தையும் குளத்தையும் பத்திரத்தில் மறைக்காதீர்கள்.

10. சாவி வாங்கிய முதல் மாதம்

பட்டா மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம் மூன்றுக்கும் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். தள்ளிப் போட்டால் பழைய உரிமையாளரின் கையெழுத்துக்கு மறுபடி அலைய வேண்டும்.

அழுக்காக இருக்கிறது என்று குளத்தை உடனே காலி செய்யாதீர்கள். மழைக்காலத்தில் மேட்டிலிருந்து இறங்கும் ஊற்று நீர் காலிக் குளத்தைக் கீழிருந்து தூக்கும். ஃபைபர் தொட்டி என்றால் அப்படியே மேலே எழும்பிவிடும், கான்கிரீட் என்றால் விரிசல் விடும். இருக்கும் தண்ணீரையே ஃபில்டரில் ஓட்டிச் சரிசெய்யலாம். பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். இந்த அளவுக்கு வரச் சில நாள் ஆகும். அதுவரை யாரும் இறங்க வேண்டாம்.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, குளத்தில் ஊற்றிய தண்ணீர், மோட்டார் ஓடிய நேரம், போர்வெல்லில் டிரம் நிரம்ப எடுத்த நிமிடம். காவலாளி எழுதினாலும் சரி, நீங்கள் எழுதினாலும் சரி. அடுத்த சித்திரையில் அந்த நோட்டைப் புரட்டினால், லாரித் தண்ணீருக்கு எந்த வாரம் சொல்லி வைக்க வேண்டும் என்று அதிலேயே தெரியும்.